கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு வளவு

1

இந்த வாரம் எங்கள் கந்தோரில் கேக் வெட்டினார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிறு நகரசபையின் ஆவணப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இங்கே கேக் வெட்டப் பெரிய காரணம் ஏதும் தேவையில்லை. யாராவது விடுமுறையில் போனாலும் கேக், திரும்பி வந்தாலும் கேக். ஆனால் இந்த முறை பரிசும் இருந்தது. மேலாளர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே நாடா கட்டிய தடித்த கறுப்புப் பேனா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்காது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "கந்தோர் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவதுதான் என் வழக்கம். இந்த முறை சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் அரச அலுவலகத்தில் கிடக்கும் கடதாசியை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "கோபக்கார அயலவன்" என்று கையெழுத்திட்டு ஒருவர் கேட்டார், கொடுத்தோம். ஆனால் எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. ஒருவருடைய நோய் வருத்தம், ஒரு குடும்பத்துக்குள் பிள்ளைகளைப் பற்றி வந்த பிரச்சினை, கேள்விப்பத்திரம் திறக்கும் முன்னர் ஒப்பந்தக்காரர் போட்ட விலை, ஊருக்குத் தண்ணீர் போகும் தாங்கியின் பூட்டு விபரம் இவையெல்லாம் மறைக்க வேண்டியவை. நான்தான் வாசித்து, மறைக்க வேண்டிய வரியை மறைத்து, ஏன் மறைத்தேன் என்று காரணம் எழுதி, மிச்சத்தைக் கொடுக்கிறவன். இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் கறுப்புப் பேனாவால் கோடு இழுத்தோம்.

அப்படி மறைத்த பக்கத்தின் தலையில் ஒரு முத்திரை விழும். அதன் முதல் சொல் "உன்தாத்". விலக்கப்பட்டது என்று பொருள். நான் சேர்ந்த முதல் கிழமை, பக்கத்து மேசை அம்மா ஒரு கடதாசியைத் தட்டி "உன்தாத்" என்றார். எங்கள் பக்கத்தில் தாத்தா என்று சொல்வதில்லை, அப்பப்பா என்போம். ஆனாலும் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த காதுக்கு அது "உன் தாத்தா" என்றுதான் கேட்டது. வேலைக்கு வந்தவனுடைய குடும்பத்தை விசாரிப்பது இங்கே மரியாதை போலும் என்று நினைத்து, "அவர் எப்போதோ இறந்துவிட்டார்" என்றேன். அந்த அம்மா கையில் இருந்த கடதாசியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "மிகவும் வருந்துகிறேன்" என்றார்.

2

என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. தமிழ் எல்லாம் விளங்கும். சந்தோஷமாக இருந்தால் தமிழில் கதைப்பாள், கோபம் வந்தால் நோர்வே மொழிக்கு மாறிவிடுவாள். சென்ற வருடம் முழுக்க அவள் எங்களோடு பெரும்பாலும் நோர்வே மொழியில்தான் கதைத்தாள்.

காரணம் நீச்சல் மண்டபம். எங்கள் நகரசபை பழைய நீச்சல் மண்டபத்தை மூட யோசித்தது. அவளும் சிநேகிதிகளும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பார்கள். ஏன் மூடுகிறீர்கள், அந்தக் கடதாசிகளைத் தாருங்கள் என்று நகரசபைக்கு எழுதிவிட்டாள். அந்தக் கோரிக்கை வந்து விழுந்தது என் பிரிவில். இது என் மகள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, கோப்பை அப்படியே பக்கத்து மேசைக்குத் தள்ளினேன். கறுப்புக் கோடுகளோடு சில பக்கங்கள் அவளுக்குப் போயின.

அன்று சாப்பாட்டு மேசையில் பக்கங்களை விரித்தாள்.

"அப்பா, மூண்டாம் பக்கத்திலை கோட்டுக்குக் கீழை என்ன கிடக்கு?"

"எனக்குத் தெரியாது."

"பொய்."

பொய்தான். அந்தக் கடதாசி முதலில் வந்தபோது பதிந்தவனே நான்.

"சொல்லேலாது பிள்ளை. சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"வீட்டிலையும் சொல்லேலாதோ?"

"வீட்டிலைதான் முக்கியமாச் சொல்லேலாது."

என் மனைவி சொதிச் சட்டியோடு இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "சோத்தை வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் கந்தோர் நடத்தாதேங்கோ" என்றாள். ஆரணி எழும்பிப் போய்விட்டாள். போகும்போது நோர்வே மொழியில் சொன்னாள்: "மனிதர்களிடம் மறைத்தே வாழ்கிறீர்கள் அப்பா. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்."

மேல் அலுவலகத்துக்கு முறைப்பாடு போட்டாள். மறைத்த வரிகளில் பாதியை மறைத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு வந்தது. அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதை வாசிக்க வேண்டியிருந்தது. என் கந்தோரைத் தோற்கடித்த பிள்ளை என் பிள்ளை என்பதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை, ஒரு புளுகம் இருந்தது. ஆனால் முகத்தில் காட்ட முடியவில்லை. மிச்சப் பாதிக் கோடுகள் அப்படியே இருந்தன. அவை இருக்க வேண்டியவை என்று இரண்டு கந்தோரும் சொன்னபிறகும், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலும் அவை கிடந்தன.

3

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை அக்கா போன் எடுத்தாள். தவமணி அக்கா எனக்கு ஒரே அக்கா. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறாள். அத்தான் இன்னும் கடல் தொழிலுக்குப் போகிறார்.

"தம்பி, உன்ரை அத்தான் இண்டைக்கு வள்ளத்தோடை கல்லுப் பாரிலை ஏறிட்டார்."

"ஆளுக்கு என்ன?"

"ஆளுக்கு ஒண்டுமில்லை. முழங்கால் உரஞ்சுப்பட்டுப் போச்சு. வள்ளத்தின்ரை அடி கிழிஞ்சுது. இவரும் கூடப்போனவரும் நீந்தித்தான் கரைக்கு வந்தவை. இப்ப குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். சுருட்டு நனைஞ்சுபோச்சாம், அதுதான் அவருக்குக் கவலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சிரிப்புக்கு நடுவே மூச்சு இழுத்த விதத்தில் பயம் தெரிந்தது.

எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்குள் கல்லுப் பார் ஒன்று மதில்போல நீளத்துக்குக் கிடக்கிறது. அதில் வள்ளம் போய்வர ஒரேயொரு இடைவெளிதான் உண்டு. அதை வான் என்போம். விடியப்புறம் இருட்டில் திரும்பி வருகிறவர்களுக்கு வானைக் காட்டுவதற்குக் கரையில் இரண்டு விளக்குக் கம்பங்கள் நின்றன. ஒன்று கரையோரத்தில், மற்றது அதற்குப் பின்னால் வேலியடைத்த ஒரு வளவுக்குள். கடலில் இருந்து பார்க்கும்போது இரண்டு வெளிச்சமும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் வள்ளம் வானுக்கு நேரே நிற்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் விலகினால் பார்.

கரையோர வீதியை அகலமாக்கியபோது இரண்டு கம்பங்களையும் பிடுங்கினார்கள். வேலை முடிந்ததும் திருப்பி நடுவோம் என்றார்கள். வீதி முடிந்து கண்ணாடி மாதிரி மினுங்கியது. கம்பம் வரவில்லை. வள்ளக்காரர் விடியும்வரை பாருக்கு வெளியே காத்துக்கிடந்தார்கள். விடிந்தபிறகு கரைக்கு வந்தால் சந்தையில் ஏலம் முடிந்திருக்கும். அன்று காற்று எழும்பியிருக்கிறது. வெளியே கிடக்கப் பயந்து, கண்மதிப்பில் வானைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார் அத்தான்.

"கம்பம் பிடுங்கின கந்தோரிலை போய்க் கேட்டனியோ?" என்றேன்.

"கேட்டனான். பிளான் இருக்காம். எப்ப நடுறது, எங்கை நடுறது எல்லாம் அதிலை கிடக்காம். ஆனா காட்டேலாதாம்."

"ஏனாம்?"

"அதையும் சொல்லேலாதாம்."

4

இதில் எனக்குத் தெரியாத என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் நானே அந்தத் திணைக்களத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். எந்தத் திணைக்களம் என்பது வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இலங்கையிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து சில வருடங்களாகிவிட்டன. சட்டத்தின் பெயரைச் சொல்லி, இத்தனை வருட அனுபவத்தை எல்லாம் இறக்கி, ஒரு நீண்ட கோரிக்கை எழுதினேன்.

தகவல் அலுவலர் ஒரு பெண். மிகப் பணிவாகப் பதில் போட்டிருந்தார். இந்தச் சட்டப்படி தகவல் கேட்கும் உரிமை பிரசைகளுக்கு மட்டுமே உண்டு, தாங்கள் இலங்கைப் பிரசை என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. நான் நோர்வேக் கடவுச்சீட்டு எடுத்த காலத்தில் இரண்டையும் வைத்திருக்க இந்த நாடு விடவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்கினேன். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் எங்கள் நகரசபையிடம் நீச்சல் மண்டபத்துக் கடதாசியைக் கேட்கலாம், நான் எடுத்துக் கொடுப்பேன். நான் நீந்தப் பழகிய கடலைப் பற்றி மட்டும் என்னால் கேட்க முடியாது.

அக்காவுக்குச் சொன்னேன். அவள் வயிறு நோகச் சிரித்தாள்.

"இவ்வளவு படிச்சும் உனக்கு உரிமையில்லையோ? அப்ப விடு. நான் போறன். நான் பிரசைதானே."

போனாள். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. போனில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "கோரப்பட்ட தகவலை வெளிப்படுத்துவது தேசிய பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் வழங்க முடியாதுள்ளது." வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு லைட்டுக் கம்பத்துக்குள்ளை என்னடா தேசிய பாதுகாப்பு?"

வாய் முந்திவிட்டது எனக்கு. "அப்பிடிச் சொல்லாதை அக்கா. அந்த வரைபடத்திலை கடற்படை இருக்கிற இடம் கிடக்கும். அதை எல்லாருக்கும் குடுக்கேலாது. எங்கையும் அப்பிடித்தான். நானெண்டாலும் மறைச்சுத்தான் இருப்பன்."

"நீ இப்ப ஆரின்ரை பக்கம்?"

"பக்கமில்லை. முறையைச் சொல்லுறன்."

"உன்ரை முறையைக் கொண்டுபோய்ப் பாரிலை வை. வள்ளம் நேர வருதோ பாப்பம்."

போனை நான் மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கவிட்டிருந்தேன். ஆரணி சோபாவின் மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நிமிர்ந்து, தமிழில் சொன்னாள்:

"மாமி, அவை முழுசா இல்லை எண்டு சொல்ல ஏலாது. மறைக்க வேண்டியதை மறைச்சிட்டு மிச்சம் தரவேணும். அப்பாவைக் கேளுங்கோ. அவருக்கு அதுதான் வேலை."

அவள் சொன்னது உண்மைதான். முழு வரைபடத்தையும் மறைப்பதற்குக் கடற்படை முகாம் காரணமில்லை, முகாமை மறைப்பதற்குத்தான் முகாம் காரணம். இலங்கைச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே இருந்தது. மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. மறைக்கக்கூடிய தகவலாக இருந்தாலும், அதை வெளியிடுவதால் வரும் கெடுதலைவிடப் பொதுமக்களுக்கு வரும் நன்மை பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக மேன்முறையீடு எழுதினோம். ஆரணி நியாயத்தைச் சொல்ல, நான் தமிழில் எழுத, அக்கா அங்கே இருந்து திருத்தினாள்.

"எங்களுக்குப் பாதி காணும், முழுக்க வேண்டாம் எண்டு எழுதுங்கோ" என்றாள் ஆரணி.

"பாதியோ? பிள்ளை, ஒரு லைட்டை வைச்சு வான் பிடிக்கேலாது. ரெண்டும் வேணும்."

"இல்லை மாமி, லைட் இல்லை, கடதாசி. கடதாசியிலை பாதி."

"அது பகுதி" என்றேன் நான்.

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை" என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆரணி சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான்.

5

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் ஆரணியும் மட்டும். நாங்கள் போயிறங்கிய கிழமையே மேன்முறையீட்டை விசாரிக்கும் அலுவலர் அக்காவை யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லியிருந்தார். அத்தான் வர மறுத்துவிட்டார். "கந்தோருக்குள்ளை எனக்கு மூச்சு முட்டும். நீங்கள் போய்ச் சண்டை பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். அக்கா கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் யன்னலோரம் ஆரணி, நடுவில் அக்கா, ஓரத்தில் நான். வழி நெடுக அக்கா தான் சொல்லப்போவதை ஆரணிக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நெல்லியடி தாண்டும்போது முன்சீட்டில் இருந்தவரும் திரும்பி, "அதை முதல்லை சொல்லுங்கோ அக்கா" என்று யோசனை சொன்னார்.

அலுவலர் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். பக்கத்துக் கதிரையில் எனக்குப் பதில் எழுதிய அந்தத் தகவல் அலுவலர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முப்பது வயதுகூட இராது.

"அம்மா, இந்த வரைபடத்திலை கடற்படைக்குரிய இடமும் இருக்கு. அதுதான் எங்களுக்குப் பிரச்சினை" என்றார் அலுவலர்.

"அது எங்களுக்கு வேண்டாம் ஐயா. அது எங்கை கிடக்கெண்டு எங்களுக்குத் தெரியும். நாளாந்தம் அவைக்கு முன்னாலைதான் போய்வாறம். அவை கையும் காட்டுறவை. எங்களுக்கு இந்த ரெண்டு கம்பமும் எங்கை வருது, ஏன் இன்னும் வரேல்லை, அதுதான் வேணும்."

அலுவலர் சிரித்தார். "அப்ப அந்த இடத்தை மறைச்சுத் தந்தால் காணுமோ?"

"பகுதி காணும்" என்றாள் ஆரணி, மிகக் கவனமாக.

அவர் அவளைப் பார்த்தார். "பிள்ளை எந்த நாட்டிலை இருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் அலுவலரிடம் திரும்பினார். "இதை முதலே இப்பிடிச் செய்திருக்கலாமே பிள்ளை?"

அந்தப் பெண் கோப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"சேர், குடுத்து ஏதும் பிழைச்சுதெண்டால் என்னைத்தான் கேப்பினம். இல்லை எண்டு எழுதினால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கிறேல்லை. இவைதான் முதல்முதலாக் கேட்டது."

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமே வரவில்லை. இத்தனை வருடமாக ஒவ்வொரு கடதாசியிலும் நான் படும் பயத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கொடுத்த வரியால் கெட்டது நடந்தால் என் பெயர் வரும். மறைத்த வரியால் கெட்டது நடந்தால் அது எங்கே, யாரால் என்று யாருக்கும் தெரியாது. கிழிந்த வள்ளத்தின் அடியில் யாருடைய கையெழுத்தும் இருக்காது.

"தங்கச்சி, நானும் இதே வேலைதான் செய்யிறன்" என்றேன். "ஒருக்காக் காட்டிவிடட்டோ?"

கடதாசியை நான் பார்க்கவில்லை. எனக்கு உரிமையில்லை. ஒரு வெறுந்தாளில் காட்டினேன். மறைக்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டால் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிடுவார்கள். அதனால் பிரதி எடுத்து, பிரதியில் மறைத்து, அதைத் திரும்பவும் பிரதி எடுத்து அதைத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மறைப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுத வேண்டும். எழுதக் காரணம் வரவில்லை என்றால் மறைக்கக்கூடாது. அவர் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உண்மைதான், தெரியுது" என்றார். ஆரணி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலை செய்வதை அவள் பார்த்தது அன்றுதான்.

6

நாங்கள் திரும்பப் பறக்குமுன் கடதாசி வந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு மூலை வெள்ளையாக இருந்தது. "பாதுகாப்பு" என்று பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தது. மிச்சம் முழுக்கத் தெளிவு. கம்பங்கள் களஞ்சியத்துக்கு வந்து கனகாலம். முன்கம்பத்துக்குத் தடையில்லை. பின்கம்பம் பழைய இடத்தில்தான் வரவேண்டும், அது தனியார் காணி. உரிமையாளர் வெளிநாட்டில் வசிக்கிறார், சம்மதம் கேட்டு அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன, பதில் கிடைத்ததும் வேலை தொடங்கும். உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. "தனிப்பட்ட தகவல்" என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெண் நன்றாகச் செய்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா கண்ணாடியைப் போட்டுக் கடதாசியை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"உது குகன்ரை வளவெல்லோ."

ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். "பிறகு ஏன் மாமி மறைச்சவை?"

நான் சிரிக்கவில்லை. "மறைச்சது சரி" என்றேன். "பெயரோடை இந்தக் கடதாசி ஊருக்குள்ளை போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளிநாட்டிலை இருந்துகொண்டு லைட்டைத் தடுக்கிறான் எண்டு கரை முழுக்கக் கதை கட்டியிருக்கும். அவன் தடுத்தானோ இல்லையோ எண்டே எங்களுக்குத் தெரியாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "ஓம். நானே சந்தையிலை நிண்டு நாலு வார்த்தை கத்தியிருப்பன்" என்றாள். பிறகு எழும்பிப் போய் வேலிப் படலையைச் சாத்திவிட்டு வந்து போனை எடுத்தாள்.

குகன் எங்களோடு படித்தவன். பாரிசுக்கு வெளியே பஸ் ஓட்டுகிறான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. கடிதங்கள் போனது அந்த வளவின் விலாசத்துக்கு. அங்கே ஒரு வேப்பமரத்தைத் தவிர வாங்க ஆளில்லை.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா" என்றான். "கம்பம்தானே, நடட்டும். வேம்பை மட்டும் வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சொல்ல எளிது. சம்மதக் கடிதத்தைத் தூதரகத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டும். முதல் தடவை லீவு போட்டுக்கொண்டு போனான், அன்று இலங்கைக்கு விடுமுறை, தூதரகம் பூட்டு. இரண்டாம் தடவை பிரெஞ்சுக்காரர் வேலைநிறுத்தம், போக ரயில் இல்லை. "அண்டைக்கு நான்தான் பஸ் ஓடியிருக்க வேணும், நானும் வேலைநிறுத்தத்திலை நிண்டனான்" என்று எனக்குப் போன் எடுத்துச் சொல்லிச் சிரித்தான். மூன்றாம் தடவை முடிந்தது.

இதற்கிடையில் கரையில் எல்லோரும் அக்காவைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள், ஆராம் அந்த வளவுக்காரன் என்று. ஊருக்கே தெரிந்த வளவு, ஆனால் வாயைத் திறந்து அக்கா சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னாளாம்:

"அது தனிப்பட்ட தகவல்."

7

கம்பங்கள் மாரிக்கு முன்னர் வந்துவிட்டன. அத்தான் கடலில் இருந்து தன் போனில் படம் பிடித்து அனுப்பினார். இருட்டில் இரண்டு பொட்டு வெளிச்சம் ஆடி ஆடி நெருங்குகின்றன. எஞ்சின் சத்தம், காற்றுச் சத்தம். இரண்டு வெளிச்சமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. "நேர் வந்திட்டுது" என்கிறார் அத்தான், யாரிடமும் இல்லாமல். நாங்கள் மூன்று பேரும் காலைச் சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு தரம் பார்த்தோம். மூன்றாம் தரம் பார்த்தால் பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று சொல்லி ஆரணி ஓடினாள். அவளுக்கு இப்போதும் என்மேல் கோபம் வருகிறது. ஆனால் தமிழில் வருகிறது. பிழை பிழையான தமிழ், நான் திருத்தப்போனால் கோபம் இன்னும் கூடும், அதனால் திருத்துவதில்லை.

அக்காவுக்கு ஊரில் பெயர் வந்துவிட்டது. கந்தோரில் கேட்டு வாங்கக்கூடிய ஆள் என்று சொல்லி, கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு அவளையே தலைவியாக்கிவிட்டார்கள். சங்கத்துக்கு அரசாங்கம் கருவாடு காயவைக்கும் வலைத்தட்டுகள் கொடுத்தது. எல்லோருக்கும் காணாது. யார் யாருக்குக் கொடுப்பது என்று அக்காவும் நிர்வாகத்தில் இருந்தவர்களும் கூடி முடிவெடுத்தார்கள்.

கேக் வெட்டிய நாள் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே போன் அடித்தது. அக்கா. குரலில் நெருப்பு.

"தம்பி, சங்கத்துப் பொம்பிளை ஒருத்தி எனக்கே அனுப்பிப்போட்டாள்."

"என்னத்தை?"

"தகவல் கோரிக்கை. தட்டு ஆர் ஆருக்குக் குடுத்தது, எப்பிடித் தெரிவு செய்தது, கூட்டத்திலை என்ன கதைச்சது, எல்லாம் வேணுமாம். சங்கம் அரசாங்கத்தின்ரை உதவியிலை நடக்குதாம், அதாலை நாங்கள் குடுக்கத்தான் வேணுமாம். சட்டத்தின்ரை பெயரையும் எழுதி வைச்சிருக்கிறாள். உவள் அங்காலை ரெண்டாவது வீடு. நான்தான் உவளுக்கு உந்தச் சட்டத்தைச் சொல்லிக் குடுத்தனான்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"இப்ப உனக்கு என்ன வேணும் அக்கா?"

"நீ இதிலை வேலை செய்யிறவன்தானே. எவ்வளவை மறைக்கலாம்?"

பொறுமையாகச் சொன்னேன். யாருக்காவது வருத்தம் என்று தட்டுக் கொடுத்திருந்தால் அந்த வருத்தத்தை மறைக்கலாம். ஒருத்தியின் வீட்டுக் கஷ்டத்தைக் கூட்டத்தில் கதைத்திருந்தால் அதை மறைக்கலாம். எப்படித் தெரிவு செய்தீர்கள் என்பதை மறைக்க முடியாது. யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்க முடியாது, தட்டுகள் முற்றத்தில் காய்கின்றன.

"எனக்கு மறைக்க ஒண்டுமில்லை" என்றாள் அக்கா. "நாங்கள் நீதியாத்தான் குடுத்தனாங்கள். குடுப்பன், எல்லாத்தையும் குடுப்பன். ஆனா உவள் எனக்கு எழுதத் தேவையில்லையே. ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவள். நேர வந்து கேட்டிருக்கலாம்."

"நேர வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பியோ?"

அக்கா போய்ப் படலையைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"மாட்டன்" என்றாள்.